வெந்நீரில் போட்ட பிளேட்

டாக்டர் ஒரு பழுப்பு நிற வில்லையைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அது கோதுமை அல்வாவைப் போலத் தளர்ந்தது. எடுத்து, விரலால் பிசைந்து, லாடம் போலிருந்த ஒரு சின்னத் தட்டில் அப்பிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வாயை நல்லாத் திறம்மா. மூக்கால மூச்சு விடு. குமட்டுற மாதிரி இருந்தா கால் கட்டை விரலை ஆட்டு. நினைப்பு அங்க போயிடும்."

தட்டு உள்ளே போனது. வாய் முழுக்கச் சூடும் மெழுகு வாசனையும் நிறைந்தன. நான் கட்டை விரலை ஆட்டினேன். நாற்காலியை நன்றாகச் சாய்த்திருந்ததால் என் தலை பின்புற ஜன்னல் பக்கம் கவிழ்ந்திருந்தது. அந்த ஜன்னலில் மலைக்கோட்டை தலைகீழாகத் தொங்கியது. பாறை மேலே, உச்சிப் பிள்ளையார் கீழே, அவருக்கும் கீழே ஆழமாக ஆகாயம். ஒரு பருந்து அந்த ஆழத்தில் நீந்திக்கொண்டிருந்தது. குமட்டல் மறந்துபோயிற்று.

மூலையில் ஸ்டூலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடிசார்ப் புடவையின் தலைப்பால் வாயை மூடியிருந்தாள். பயத்தினால் இல்லை. அம்மா எங்கேயும் எப்போதும் அப்படித்தான் இருப்பாள்.

எனக்குப் பதிமூன்று வயது. அறுபதுகளின் ஆரம்பம். எந்த வருஷம் என்று திட்டமாகச் சொல்லத் தெரியவில்லை. காவிரி இரு கரையும் தொட்டுப் போன ஓர் ஆடி மாதம் என்பது மட்டும் நிச்சயம்.

இரண்டு கேள்விகள்

இந்தத் தொடரில் எப்போதோ ஓர் அத்தியாயத்தில் 'நான் பல்லுக்குப் பிளேட் போட்டிருந்த காலத்தில்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். முசிறியிலிருந்து ஒரு வாசகி அதைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகளுக்குப் பல்லில் கம்பி கட்ட வேண்டும் என்கிறார்களாம். 'வலிக்குமா, எத்தனை நாள் ஆகும், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம், அனுபவப்பட்டவர் எழுதுங்களேன்' என்று கேட்டிருக்கிறார்.

அதே தபாலில் பத்திரிகை ஆசிரியரும் ஒன்று கேட்டிருக்கிறார். இந்தத் தொடரில் அப்பாவின் படம் இரண்டு முறை வந்துவிட்டது, அம்மாவின் படம் ஏன் ஒன்றுகூட வரவில்லை என்கிறார்.

நான் டாக்டர் இல்லை. பல் நகர்ந்தவள், அவ்வளவுதான். ஆனால் இரண்டு கேள்விக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில். அதைச் சொல்ல ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சிக்குப் பல தடவை பஸ் ஏற வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேராத உதடு

என் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் வாசலில் வந்து நின்று தெருவை வேடிக்கை பார்க்கிற பற்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயர் கோமளம் என்பதைப் பாதிப் பேர் மறந்துவிட்டார்கள். 'தேங்காய்த் துருவி' என்றால்தான் தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. எனக்கு உதடு சேராது. மேல் உதட்டை எவ்வளவு இழுத்தாலும் கீழ் உதட்டைத் தொடாது. வாயைத் திறந்தபடி தூங்குவேன். விடிகாலையில் நாக்கு காய்ந்த வாழைச் சருகு மாதிரி இருக்கும்.

ஒருநாள் வகுப்பில் டீச்சர், "கோமளம், வாயை மூடு" என்றார்.

"மூடித்தான் இருக்கேன் டீச்சர்" என்றேன்.

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். நான் அன்று சாயங்காலம் கொள்ளிடக் கரை மணலில் தனியாக உட்கார்ந்து, இரண்டு விரலால் உதடுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் இது சும்மாவே நடக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. எனக்கு அழகு வேண்டும் என்று தோன்றவில்லை. வாயை மூட வேண்டும், அவ்வளவுதான்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். எங்கள் விஷயத்தில் பழமொழி பல் வரைக்கும் பலித்திருந்தது. அம்மாவுக்கும் இதே நான்கு பற்கள், இதே திண்டாட்டம். அவள் அதைத் தலைப்பால் சமாளித்தாள். சிரிப்பு வந்தால் கைக்கு முன்னால் தலைப்பு எழும்பிவிடும். கோயிலில் தெரிந்தவர்களைப் பார்த்தால் கண்ணால் மட்டும் சிரிப்பாள். கல்யாணப் போட்டோவில் குனிந்த தலை நிமிரவே இல்லை. அந்தக் காலத்துக்கு அது வெட்கமாகக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

திருச்சியில் சீமைக்குப் போய்ப் படித்த பல் டாக்டர் ஒருவர் கோணல் பல்லை நேராக்குகிறாராம் என்று அம்மாதான் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்தாள். அப்பா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பெருமாள் கொடுத்த பல்லை நாம திருத்தறதாவது?" என்றார்.

அப்பாவை எதிர்த்து அம்மா பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினாள்.

"பெருமாள் கொடுத்த கண்ணுக்கு நீங்க மூக்குக்கண்ணாடி போட்டுக்கலையா?"

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேஷ்டியில் துடைத்துக்கொண்டார். மறுநாள் நாங்கள் பஸ் ஏறினோம்.

ஒருத்தர் இறங்கணும்

அச்சு எடுத்து முடித்ததும் டாக்டர் விவரம் சொன்னார். அந்த அச்சில் வெள்ளை மாவை ஊற்றி என் பல் வரிசையை அப்படியே வார்ப்பாராம். அந்த மாவுப் பல்லின் மேல் அளவு பார்த்து, அண்ணத்தில் ஒட்டி உட்காருகிற பிளேட் ஒன்றை ரோஜா நிறத்தில் செய்வாராம். அதில் முன்பற்களைச் சுற்றி ஒரு கம்பி வளைந்து வரும். மாதம் ஒருமுறை அதை முடுக்குவார். முடுக்க முடுக்கப் பல் உள்ளே போகும்.

"உள்ளே போக எடம்?" என்று தலைப்புக்குள்ளிருந்து கேட்டாள் அம்மா.

"சரியாக் கேட்டீங்க. நெரிசலான பஸ்ல ஒருத்தர் இறங்கினாத்தான் மத்தவங்க தள்ளி உக்கார முடியும். பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு பல் எடுக்கணும். அவசரப்பட முடியாதுங்க, எலும்புக்குள்ள நடக்கிற வேலை. ஒண்ணரை வருஷம் வெச்சுக்குங்க. முடுக்குன ரெண்டு நாள் வலிக்கும், மூணாம் நாள் மறந்துடும். சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் மட்டும் கழட்டலாம். மத்த நேரமெல்லாம் வாயிலதான் இருக்கணும். பச்சைத் தண்ணில பிரஷ் போட்டு அலம்புங்க. சுடுதண்ணி மட்டும் கூடவே கூடாது. இந்த வில்லை இளகுச்சில்ல, அது மாதிரி பிளேட்டும் கோணிக்கும்."

பிறகு அம்மாவையே ஒரு நிமிஷம் பார்த்தார். "உங்களுக்கும் பண்ணலாங்கம்மா."

அம்மா சிரித்தாள். தலைப்பு கண் வரைக்கும் ஏறிவிட்டது.

எச்சில்

பிளேட் வந்தது. முதல் வாரம் வாயில் சீப்பை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. பேச்சு திருந்த வேண்டுமானால் சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னார் டாக்டர். அப்பா காலையில் தலையங்கத்தை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார். நான் சர்ரு புர்ரென்று தேச நிலவரம் படிப்பேன். பத்தே நாளில் நாக்கு வழி கண்டுபிடித்துக்கொண்டது. கோகுலாஷ்டமிச் சீடையைத்தான் அந்த வருஷம் சப்பிச் சப்பிக் கரைக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஆத்தில் பெரிய பிரச்சினை வலியல்ல, எச்சில். அம்மா டம்ளரை உதட்டில் வைத்துத் தீர்த்தம் குடித்ததே கிடையாது. தூக்கித்தான் குடிப்பாள். வாயில் விரல் பட்டால் கை அலம்ப வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில், வாய்க்குள்ளேயே குடியிருக்கிற ஒரு சாமானை வேளைக்கு வேளை கழற்றி எங்கே வைப்பது?

அம்மா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு முற்றத்துச் சுவரில் விளக்கு வைக்கிற சின்ன மாடம் ஒன்றைப் பிளேட்டுக்கு ஒதுக்கினாள். அதில் ஒரு பித்தளைக் கிண்ணம், காக்கை தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க மேலே ஒரு தட்டு. சமையல் நடக்கிற தளிகை உள்ளுக்கும் அந்த மாடத்துக்கும் நடுவே நான் நடக்க வேண்டிய பாதையைக்கூட வகுத்திருந்தாள். டாக்டர் வீட்டிலிருந்து திரும்பினால் கிணற்றடியில் நிறுத்தித் தலைக்கு ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவாள்.

"டாக்டர் கை எத்தனை வாய்க்குள்ள போயிட்டு வந்ததோ!" என்பாள்.

மாசி மாதத்திலும் ஊற்றினாள்.

பஸ் டிக்கெட்

மாதங்கள் போயின. பல் நகர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. முடுக்கிய இரண்டு நாள் குழைந்த தயிர்சாதம், மூன்றாம் நாள் வழக்கம் போல. ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் அழுதால், டாக்டர் முதல் நாள் வார்த்த மாவுப் பல்லை எடுத்துக் காட்டுவார். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து அம்மா தலையாட்டுவாள்.

ஒரு நாள் அவரிடமிருந்து திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. வெயில் தாழ்ந்திருந்தது. ஆற்றில் பாதி தண்ணீர், பாதி மணல். ஜன்னல் வழியே வந்த காற்றில் டிக்கெட் பறக்கப் பார்த்தது. கையில் பையும் குடையும் இருந்ததால் டிக்கெட்டை உதட்டில் கவ்விக்கொண்டேன்.

பாலம் முடிந்து பஸ் அம்மா மண்டபப் படித்துறைப் பக்கம் வந்தபோதுதான் உறைத்தது. டிக்கெட் அங்கேயே இருந்தது. பல்லால் கடிக்கவில்லை. உதடுகள்தாம் பிடித்துக்கொண்டிருந்தன. மேல் உதடும் கீழ் உதடும், நடுவில் ஒரு மெல்லிய காகிதம்.

"டிக்கெட்டை வாயில வைக்காதேடி! எத்தனை பேர் கை பட்டதோ!" என்று அம்மா பிடுங்கினாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். மெதுவாகக் கையை நீட்டி, என் உதடுகள் சேர்ந்த கோட்டை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். கை அலம்ப வேண்டும் என்ற நினைப்பு அவளுக்கு அப்போது வந்ததாகத் தெரியவில்லை.

அந்த டிக்கெட்டை நான் பத்திரப்படுத்தினேன். தினம் காலையில் எழுந்ததும் உதட்டில் வைத்துப் பார்ப்பேன். நிற்கும். அதற்குப் பிறகுதான் பல் தேய்ப்பேன்.

கண்ணாடி

பல் நேரானதும் டாக்டர் வேறு பிளேட் கொடுத்தார்.

"இது நகர்த்தாது. நகர்ந்ததை அங்கேயே பிடிச்சு வைக்கும். எல்லாரும் இங்கதான் கோட்டை விடுறாங்க. பல்லு நேராயிடுச்சேன்னு பிளேட்டைத் தூக்கிப் போட்டுடுவாங்க. பல்லு பழைய இடத்தை மறக்காதும்மா. விட்டா திரும்பிப் போயிடும்."

முதலில் சில மாதம் நாள் முழுவதும் போட்டேன். அப்புறம் தூங்கும்போது போட்டால் போதும் என்றார். பகலில் பிளேட் மாடத்துக் கிண்ணத்தில் இருக்கும்.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்தில் யாருக்கோ இரங்கல் சொல்லி அரை நாள் விடுமுறை விட்டுவிட்டார்கள். வாசற்கதவு சாத்தியிருக்கவில்லை. தெருவே தூங்குகிற நேரம். ரேழியைத் தாண்டி வந்தவள் அப்படியே நின்றேன்.

கூடத்துக் கண்ணாடிக்கு முன்னால் அம்மா நின்றிருந்தாள். முற்றத்து வெயில் தரையில் பட்டு அவள் முகத்தில் ஏறியிருந்தது. அவள் வாயில் என் பிளேட். என் வாய்க்கு அளவெடுத்தது அவளுக்கு எப்படி உட்காரும்? இரண்டு விரலால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் மேல் உதட்டைக் கம்பிக்கு மேலே மெல்ல மெல்லக் கீழே இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்துவிட்டுப் பார்த்தாள். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தாள். ஒரு பெண் குழந்தை பொட்டு வைத்துப் பார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

நான் சத்தமில்லாமல் வாசலுக்குப் போய்விட்டேன். என்னவோ திருடிவிட்டது போல இருந்தது. கொஞ்சம் பொறுத்து, வேண்டுமென்றே கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். கொல்லையில் வெந்நீர்த் தவலைப் பக்கத்தில் அம்மா குந்தியிருந்தாள். சொம்பிலிருந்து கிண்ணத்துக்குள் ஆவி பறக்க ஊற்றிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் எச்சில் பட்ட சாமான் குழந்தை வாய்க்குள் போகப்போகிறதே. புளி போட்டுத் தேய்க்க அது பாத்திரமும் இல்லை. வெந்நீர் ஒன்றுதான் வழி, ஒரு நிமிஷம் போட்டு எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

அன்று படுக்கும்போது பிளேட் என் வாயில் உட்காரவில்லை. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தினால் ஈறில் குத்தியது.

சொல்லாமல் மூன்று வாரம்

சொல்லியிருக்கலாம். சொன்னால், எப்படிக் கோணியது என்ற பேச்சு வரும். பேச்சு வந்தால் கண்ணாடி முன்னால் நின்றது வெளியே வரும். அம்மாவுக்கு அந்த வெட்கத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிளேட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கினேன்.

தினம் காலையில் டிக்கெட் வைத்துப் பார்த்தேன். முதல் வாரம் நின்றது. இரண்டாம் வாரம் உதட்டை இழுத்துப் பிடித்தால் நின்றது. மூன்றாம் வாரம் ஒரு நாள் நழுவி மடியில் விழுந்தது. எடுத்து வைத்தேன். மறுபடி விழுந்தது. ஒன்றரை வருஷமும் இரண்டு பல்லும் போயிற்றே என்று வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதேன். அம்மா வந்து நின்றது தெரியவில்லை. கீழே கிடந்த டிக்கெட்டைப் பார்த்தாள். தலையணையைப் புரட்டினாள். பிளேட்டை எடுத்துப் பார்த்தாள்.

"கிளம்பு" என்றாள்.

டாக்டர் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை சுடுதண்ணில போட்டது யாரு?"

"நான்தான் டாக்டர்" என்றேன்.

"ஏம்மா, எத்தனை வாட்டி படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? கோணினதும் ஓடி வந்திருக்க வேண்டாமா? மூணு வாரமா..."

"அவளைத் திட்டாதீங்கோ." அம்மா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். "பொய் சொல்றா அவ. நான்தான் போட்டேன். என் எச்சில் பட்டுடுத்து. குழந்தை வாய்க்குள்ள போற வஸ்து, அப்படியே எப்படி வைக்கறது?"

"உங்க எச்சில் எப்படிங்கம்மா அதுல பட்டுச்சு?"

அம்மாவின் கை தலைப்பைத் தேடியது. பாதி வழியில் நின்று, கீழே இறங்கிவிட்டது.

"நான் போட்டுப் பார்த்தேன்" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு இன்றுவரை மரியாதை. எழுந்து போய்க் கிண்ணத்தில் இரண்டு வில்லைகளைப் போட்டார்.

"ஒண்ணு பாப்பாவுக்கு. இன்னொண்ணு உங்களுக்கு. உக்காருங்கம்மா."

"எனக்கா? முப்பத்தி மூணு வயசாறது டாக்டர்!"

"பல்லுக்கு வயசு தெரியாதுங்க. நாள்தான் கூடப் பிடிக்கும்."

அத்தனை பேர் உட்கார்ந்த நாற்காலியில், அத்தனை வாய்க்குள் போய் வந்த தட்டுக்கு அம்மா வாயைத் திறந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். நான் அவள் கால் கட்டை விரலைப் பிடித்து ஆட்டினேன். மெட்டியும் சேர்ந்து ஆடியது. கண்ணைத் திறந்தவள் கையை மட்டும் தூக்கி ஜன்னலைக் காட்டினாள். தட்டை எடுத்ததும் முதல் வார்த்தை அதுதான்.

"ஏண்டி, இங்கேருந்து மலைக்கோட்டை தலைகீழாத் தெரியறதே! நீ சொல்லவே இல்லையே!"

கிணற்றடி

பஸ்ஸில் அம்மா மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்குப் பார்த்துட்டியா?"

"பார்த்தேன்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ மறுபடியும் வாயை மூடிண்டுடுவே."

அம்மா ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் எனக்கு ஊற்றினாள். அப்புறம் தனக்கு ஊற்றிக்கொண்டாள். இன்று யார் யாரைத் தீண்டக் கூடாது என்று கேட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தாள். நிறைகுடம் பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றை விட முடியாது. வாயை மூடக் கை இல்லை. நனைந்த முகத்தோடு, நான்கு பல்லும் தெரிய, அம்மா சிரித்துக்கொண்டே நின்றாள். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருந்தது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

முசிறி அம்மாளுக்கு: மூன்று வாரத்தில் நான் இழந்ததை மீட்க, டாக்டருக்கு மேலும் மூன்று மாதம் ஆயிற்று. வலிக்குப் பயப்படாதீர்கள். பிளேட்டோ கம்பியோ கோணினால், உடைந்தால், குத்தினால், யார் தப்பு என்று பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். முடிந்த பிறகு பிடித்து வைக்கிற பிளேட்டைக் கைவிடாதீர்கள். மகளிடம் ஒளிக்க ஒன்றும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குப் பிளேட் வரவில்லை. அடுத்த மாதமே என் தம்பி வயிற்றில் இருப்பது தெரிந்தது. பிரசவம் ஆகட்டும் என்றார் டாக்டர். தம்பி பிறந்தான், அப்புறம் பால் குடி மறக்கட்டும் என்றாள் அம்மா. அப்புறம் ஏதோ ஒன்று, அதற்கப்புறம் இன்னொன்று. நான் கடைசித் தடவை போனபோது டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அம்மாவின் மாவுப் பல். வீட்டில் அது எச்சிலா இல்லையா என்று தீர்மானிக்க முடியாமல் அம்மா அதை என் பெட்டியிலேயே வைத்துவிட்டாள்.

அம்மா போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. எங்களிடம் இருக்கிற போட்டோக்களில் ஒன்றில் குனிந்திருக்கிறாள், ஒன்றில் தலைப்பு, ஒன்றில் என் தம்பியின் தலைக்குப் பின்னால் வாய் மறைந்திருக்கிறது.

ஆசிரியருக்குப் போட்டோ அனுப்பவில்லை. மாவுப் பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அதைத்தான் அனுப்பியிருக்கிறேன். நன்றாகப் பாருங்கள், அம்மா வாயை மூடவில்லை.